எகிப்தில் புதைந்த கல்லறையை ரேடாரால் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

துட்டன்காமன் கல்லறையின் வடக்குச் சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது. இறந்துபோன இளம் மன்னனுக்கு, அடுத்து அரியணை ஏறிய ஆய் என்பவர் ‘வாய் திறப்பு’ச் சடங்கு செய்கிறார்; இறந்தவர் மறுமையில் உண்ணவும் பேசவும் வேண்டுமென்று செய்யும் சடங்கு அது. 2015-இல் எகிப்தியவியலாளர் நிக்கோலஸ் ரீவ்ஸ், அந்தச் சுவரின் மேற்பரப்பை நுணுக்கமாக ஸ்கேன் செய்த படங்களைப் பார்த்துவிட்டு, ஓவியத்துக்குப் பின்னால் அடைக்கப்பட்ட வாசல் இருக்கலாம், அதற்குள் அரசி நெஃபர்டிட்டி இருக்கலாம் என்று எழுதினார். சுவரை உடைத்துப் பார்க்க முடியாது. உடைத்தால் 3,300 ஆண்டுப் பழமையான ஓவியம் போய்விடும். அதனால் ரேடாரைக் கொண்டுவந்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் ஜப்பானிய நிபுணர் ஹிரோகட்சு வாடனாபே முதல் ஸ்கேனைச் செய்தார். வடக்கு, மேற்குச் சுவர்களுக்குப் பின்னால் இரண்டு வெற்றிடங்கள் தெரிகின்றன, உள்ளே உலோகமும் கரிமப் பொருளும் இருக்கக்கூடும் என்று 2016 மார்ச்சில் எகிப்தின் தொல்பொருள் அமைச்சர் அறிவித்தார். அதே மாதக் கடைசியில் நேஷனல் ஜியோகிராஃபிக் ஏற்பாட்டில் இரண்டாவது ஸ்கேன் நடந்தது. முதல் முடிவை அதனால் உறுதிப்படுத்த முடியவில்லை. 2018-இல் டூரின் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் பிரான்செஸ்கோ போர்செல்லி குழு பல அதிர்வெண்களில், மிக நெருக்கமான கோடுகளில் மூன்றாவது முறை அளந்தது. அந்தச் சுவர்களுக்குப் பின்னால் அறை எதுவும் இல்லை என்றது.

ஒரே சுவர், ஒரே தொழில்நுட்பம், நேர் எதிரான முடிவுகள். தரை ஊடுருவும் ரேடாரைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கருவியை இழுத்துக்கொண்டு நடப்பது இரண்டு நாளில் பழகிவிடும். திரையில் தெரிவதைச் சரியாகப் படிக்கத்தான் ஆண்டுக்கணக்காகும். எனவே வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும், பின்னால் படத்தைப் படிக்கப்போகிறவருக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ரேடார் உண்மையில் எதைப் பார்க்கிறது?

ஆன்டெனா ஒரு சின்ன ரேடியோ துடிப்பைத் தரைக்குள் அனுப்புகிறது. ஒரு பொருள் முடிந்து இன்னொரு பொருள் தொடங்கும் இடத்தில் அதன் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்பி வருகிறது. போய்வர ஆன நேரத்தைக் கருவி நானோ விநாடியில் குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். கல்லறை, சவப்பெட்டி, தங்கம் என்று எதற்கும் தனி அடையாளம் கிடையாது. உள்ளே இருப்பது கரிமப் பொருளா இல்லையா என்பதையும் எதிரொலி சொல்லாது.

எதிரொலியின் வலுவைத் தீர்மானிப்பது இரண்டு பொருள்களின் மின்காப்பு மாறிலிகளுக்கு இடையிலான வித்தியாசம். ஒரு பொருளுக்குள் ரேடியோ அலை எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதைக் காட்டும் எண் இது; எண் கூடினால் வேகம் குறையும். காற்றுக்கு அது 1. உலர்ந்த மணலுக்கு 3 முதல் 5. சுண்ணாம்புப் பாறைக்கு 4 முதல் 8. தண்ணீருக்கு ஏறக்குறைய 80. இரண்டு மாறிலிகளின் வர்க்கமூலங்களை எடுங்கள். அவற்றின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் எத்தனை பங்கு திரும்பும் என்பது வந்துவிடும். பாறைக்கு 7 என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வெறும் காற்று நிரம்பிய அறை இருந்தால் அலை வீச்சில் 45 சதவீதம் திரும்பும். அதே அறையில் மாறிலி 4 உள்ள உலர்மணல் நிரம்பியிருந்தால் 14 சதவீதம்தான். அறையை வெட்டியபோது வந்த கல்சில்லுகளாலேயே அதை நிரப்பியிருந்தால் எல்லைக்கோடு இன்னும் மங்கிவிடும்.

இது வெறும் கணக்குப் பயிற்சி அல்ல. 1922-இல் தொல்லியலாளர் ஹாவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையின் 16 படிகளைத் தோண்டி எடுத்தபோது, அதை அடுத்த நடைபாதை தரையிலிருந்து கூரைவரை சுண்ணாம்புக்கல் சில்லுகளால் நிரப்பப்பட்டிருந்தது. திருடர்களைத் தடுக்கப் பழங்காலத்திலேயே செய்த ஏற்பாடு அது. பிற்காலத்தில் பக்கத்திலேயே ஆறாம் ராமேசஸ் கல்லறையை வெட்டிய தொழிலாளர்கள் இதன் வாசலுக்கு மேலே குடிசை போட்டிருந்தார்கள். அன்று ரேடார் இருந்திருந்தாலும் அந்த நடைபாதை பளிச்சென்ற வெற்றிடமாகத் தெரிந்திருக்காது. கலங்கலான ஒரு பட்டையாகத்தான் தெரிந்திருக்கும். எகிப்தில் தேடுகிறவர் காலியான அறையை மட்டும் எதிர்பார்த்துப் போனால் பெரும்பாலானவற்றைத் தவறவிடுவார்.

படி 1: மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரேடாரின் பகைவர்கள் களிமண்ணும் உப்பும் ஈரமும். இவை மூன்றும் மின்சாரத்தைக் கடத்துவதால் அலையை உறிஞ்சிவிடுகின்றன. நைல் கழிமுகத்தின் ஈரக் களிமண்ணில் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். அங்கே மண்செங்கல் சுவர்களைத் தேட, தரையின் காந்தப் புலத்தில் உள்ள சின்ன மாற்றங்களை அளக்கும் காந்தமானிதான் சரியான கருவி. ரேடாரை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

பாலைவன ஓரத்துப் பாறை வேறு கதை. ஆனால் அதிலும் ஏமாறக் கூடாது. 1974-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனமும் கெய்ரோவின் ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகமும் கீசா பிரமிடுகளில் ரேடியோ அலைகளால் அறை தேடிப் பார்த்தன. வெளியே காய்ந்து கிடந்தாலும் பாறையின் உள்ளே இருந்த ஈரம் அலையை விழுங்கிவிட்டது.

லக்சருக்கு எதிரே உள்ள அரசர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே எஸ்னா களிப்பாறை அடுக்கு இருக்கிறது. அந்த அடுக்கை எட்டியதும் எதிரொலி செத்துவிடும். மேலே உள்ள பாறையிலும் இயற்கையான வெடிப்புகள், சிக்கிமுக்கிக்கல் முடிச்சுகள், அவ்வப்போது வரும் திடீர் வெள்ளம் அடித்துவந்த சரளைப் படிவுகள் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் எதிரொலி தரும். ஒவ்வொன்றும் கல்லறை போல நடிக்கும். எனவே நிலவியல் வரைபடம், பழைய அகழாய்வு அறிக்கைகள், முன்பு தோண்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்ற விவரம் ஆகியவற்றைச் சேகரிக்காமல் களத்தில் கால் வைக்காதீர்கள்.

படி 2: அனுமதி

எகிப்தில் தொல்லியல் வேலையைத் தனியாள் செய்ய முடியாது. 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் சட்டப்படி தொல்பொருள்கள் அரசின் பாதுகாப்பில் உள்ளவை. பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ தொல்பொருள்களுக்கான உச்ச மன்றத்தில் விண்ணப்பித்து, அதன் நிரந்தரக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். ரேடார் என்பது ரேடியோ பரப்பும் கருவி என்பதால் அதை நாட்டுக்குள் கொண்டுவரும் காகித வேலைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். களத்தில் அரசின் ஆய்வாளர் ஒருவர் கூடவே இருப்பார். அவரை வெறும் கண்காணிப்பாளராக நினைக்க வேண்டாம். எந்த மேடு இயற்கை, எது போன தலைமுறை கொட்டிய மண் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

படி 3: ஆன்டெனாவைத் தேர்ந்தெடுத்தல்

அதிர்வெண் குறைந்தால் ஆழம் கிடைக்கும், நுணுக்கம் போய்விடும். அதிர்வெண் கூடினால் தலைகீழ். உலர்ந்த சுண்ணாம்புப் பாறையில் அலையின் வேகம் நானோ விநாடிக்கு ஏறக்குறைய 0.12 மீட்டர். அந்தக் கணக்கில் 400 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 செ.மீ. மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு பரப்புகளைப் பிரித்துக் காட்ட அலைநீளத்தில் கால் பங்கு இடைவெளி வேண்டும், அதாவது 7.5 செ.மீ. நல்ல உலர்நிலத்தில் இது இரண்டு மூன்று மீட்டர் ஆழம்வரை பார்க்கும். 200 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 செ.மீ., நுணுக்கம் 15 செ.மீ., ஆழமும் அதிகம். 100 மெகாஹெர்ட்ஸில் பத்து மீட்டர் வரைகூட எட்டலாம். ஆனால் 30 செ.மீ.க்கு நெருக்கமாக உள்ளவை ஒன்றாகக் கலந்துவிடும்.

என் பரிந்துரை: ஒரே ஆன்டெனாவை நம்பிப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு வேண்டும். உண்மையான கல்லறை இரண்டு அதிர்வெண்ணிலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் இருக்கும். ஓர் ஆன்டெனாவில் மட்டும் தோன்றும் அறை பெரும்பாலும் அந்த ஆன்டெனாவின் சொந்தச் சரக்கு.

பதிவு நேரத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். 6 மீட்டர் ஆழம்வரை பார்க்க வேண்டுமென்றால் போய்வர 12 மீட்டர். அதை 0.12-ஆல் வகுத்தால் 100 நானோ விநாடி. பாறையின் வேகம் நாம் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தால் என்ன செய்வது? அதற்காக மூன்றில் ஒரு பங்கு சேர்த்து 130 வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கட்டம் போடுதல்

மஸ்தபா என்பது தட்டையான மேற்பரப்புள்ள செவ்வகக் கல்லறைக் கட்டடம். இந்த மஸ்தபாக்கள் பலவற்றின் செங்குத்துக் குழிக்கு வாய் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். இரண்டு மீட்டருக்கு ஒரு கோடு என்று நடந்தால் குழி இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். 400 மெகாஹெர்ட்ஸுக்கு 25 செ.மீ. இடைவெளி நல்லது. நேரம் இல்லையென்றால் 50 செ.மீ., அதற்கு மேல் வேண்டாம். ஒரு திசையில் முடித்ததும் அதற்குக் குறுக்காகவும் நடங்கள். நீளவாக்கில் வெட்டிய நடைபாதையின் மேலேயே நடந்தால் அது ஒரு சாதாரண மண் அடுக்கு போலத் தட்டையாகத் தெரியும். குறுக்கே கடக்கும்போதுதான் வளைவாகத் துள்ளி எழும்.

தரை மட்டத்தையும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் அளந்துகொள்ளுங்கள். சரிவைத் திருத்தாவிட்டால் தட்டையான கூரை சாய்ந்து தெரியும், சாய்ந்த பாறை அடுக்கு தட்டையாகித் தளம் போலத் தெரியும்.

படி 5: தெரிந்த கல்லறையின் மேல் முதலில் நடங்கள்

பலர் தவிர்த்துவிடும் படி இது. எனக்கோ எல்லாவற்றிலும் முக்கியமானது. அரசர் பள்ளத்தாக்கில் அறியப்பட்ட கல்லறைகள் அறுபதுக்கும் மேல். அவற்றின் அளவுகளும் ஆழங்களும் வரைபடமாக இருக்கின்றன. தேடும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லறையின் கூரைக்கு மேல் ஆன்டெனாவை இழுங்கள். எந்த நேரத்தில் எதிரொலி வருகிறது என்று பாருங்கள். கூரையின் ஆழம் முன்பே தெரிந்திருப்பதால் அந்தப் பாறையின் உண்மையான வேகம் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் கிடைக்கும். பாறையிலிருந்து காற்றுக்குள் நுழையும் இடத்தில் வரும் எதிரொலியின் மேடு பள்ள வரிசை, உலோகத்திலோ ஈர மண்ணிலோ பட்டு வருவதற்குத் தலைகீழாக இருக்கும். இதை முனைவு என்பார்கள். வெற்றிடத்தின் முனைவு உங்கள் கருவியில், உங்கள் திரையில் கருப்பு-வெள்ளை-கருப்பா, வெள்ளை-கருப்பு-வெள்ளையா என்பதைத் தெரிந்த கல்லறையில் பார்த்துக் குறித்து வையுங்கள். தெரிந்த அறையே உங்கள் கருவிக்குத் தெரியவில்லையா? அப்படியானால் அந்த மண்ணில் தெரியாத அறையைத் தேடுவதில் அர்த்தமில்லை.

படி 6: களத்தில்

ஆன்டெனா தரையோடு ஒட்டி நகர வேண்டும். கல் தடுக்கி ஒரு கை அளவு எழும்பினால்கூட அந்த இடத்தில் படம் குலையும். சரளையைக் கையால் ஒதுக்குங்கள். செல்போனை ஓரமாக வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். இரும்புக் கைப்பிடி எங்கே, விளக்குக்கான மின்கம்பி எங்கே, சிமென்ட் பாதை எங்கே தொடங்குகிறது, எந்தக் கோட்டில் சுற்றுலா வண்டி பக்கத்தில் நின்றது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரையில் ஒரு வளைவைப் பார்த்து மனம் துள்ளும்போது, அங்கே இரும்புக் கம்பி இருந்ததா என்று சொல்ல அந்த நோட்டு மட்டும்தான் இருக்கும்.

படி 7: தரவைச் சுத்தம் செய்தல்

ரிஃப்ளெக்ஸ்-டபிள்யூ, ராடான் போன்ற கட்டண மென்பொருள்கள் உண்டு. ஜிபிஆர்பை, ஆர்ஜிபிஆர் ஆகியவை இலவசம். வரிசை பெரும்பாலும் இதுதான்: பூஜ்ஜிய நேரத்தை, அதாவது அலை தரைக்குள் நுழையும் கணத்தைச் சரிசெய்தல், பதிவில் மெதுவாக ஏறி இறங்கும் அலைச்சலை நீக்குதல், பின்னணியைக் கழித்தல், ஆழத்துக்கேற்ப எதிரொலியைப் பெருக்குதல், கடைசியாக மைக்ரேஷன், அதாவது வளைவுகளை அவை பிறந்த புள்ளிக்கே சுருக்குதல்.

இவற்றில் இரண்டு இடங்களில் கை நிதானமாக இருக்க வேண்டும். பின்னணிக் கழிப்பு, படம் முழுவதும் கிடைமட்டமாக ஓடும் கோடுகளை அழிக்கிறது. கருவியின் சொந்த இரைச்சலுக்கு அது சரி. ஆனால் நீளமான அறையின் தட்டையான கூரையும் கிடைமட்டக் கோடுதான்! கழிப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். அடுத்தது பெருக்கம். அளவு மீறிப் பெருக்கினால் வெறும் இரைச்சல்கூடச் சுவர்களாகவும் வாசல்களாகவும் உருவெடுக்கும். மூலத் தரவைத் தொடாமல் ஒரு பிரதி எப்போதும் வைத்திருங்கள். இன்னொருவர் அதே தரவிலிருந்து அதே முடிவுக்கு வர முடிய வேண்டும்.

வேகத்தை வளைவுகளிலிருந்தும் சரிபார்க்கலாம். தரைக்கடியில் உள்ள ஒரு சின்னப் பொருள் அதிபரவளைய வடிவில் தெரியும். நேர்மேலே நிற்கும்போது எதிரொலி 40 நானோ விநாடியில் வந்து, ஒரு மீட்டர் தள்ளி நிற்கும்போது 43.3-இல் வந்தால் வேகம் 0.12. ஆழம் 2.4 மீட்டர். இந்தக் கணக்கைப் பல வளைவுகளில் போட்டுப் பாருங்கள்.

படி 8: படத்தைப் படித்தல்

இங்கேதான் துட்டன்காமன் சுவர் மறுபடி நினைவுக்கு வர வேண்டும்.

முதல் சந்தேகம் காற்றுவழி எதிரொலி. அலை கீழே மட்டும் போவதில்லை. கசிந்து மேலேயும் பக்கவாட்டிலும் போகிறது. உறை போடாத தாழ் அதிர்வெண் ஆன்டெனாக்களில் இது அதிகம். அரசர் பள்ளத்தாக்கின் குறுகலான பாறைச் சுவர் 9 மீட்டர் தள்ளி இருந்தால் காற்றில் போய்வர 60 நானோ விநாடி. மென்பொருளோ அதைப் பாறையின் வேகத்தில் கணக்கிட்டு 3.6 மீட்டர் ஆழத்தில் ஒரு பரப்பு இருப்பதாகக் காட்டும். அழகான, அழுத்தமான, முழுக்கப் பொய்யான பரப்பு. எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் வளைவுக்கு வேகம் பொருத்திப் பாருங்கள். 0.3 வந்தால் அது காற்றில் வந்தது. தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது வெடிப்பு. இயற்கை வெடிப்பு சாய்வாக, ஒழுங்கின்றி, பல கோடுகளுக்குத் தொடர்ந்து ஓடும்; பக்கத்துப் பாறை முகத்தில் தெரியும் வெடிப்புகளின் திசையோடு ஒத்துப்போகும். மனிதன் வெட்டியதற்கு நேர்க்கோடும் மூலையும் இருக்கும். இதை ஒற்றை வெட்டுமுகத்தில் தீர்மானிக்க முடியாது. எல்லாக் கோடுகளையும் சேர்த்து ஒரே ஆழத்துக்கான கிடைமட்டப் படங்களாக மாற்றி, 20, 30 செ.மீ. இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கீழிறங்கிப் பாருங்கள். ஒரு செவ்வகம் பல படங்களில் அதே மூலைகளோடு நிலைத்து நின்றால் கவனியுங்கள். ஒரு படத்தில் தோன்றி அடுத்ததில் கரைந்தால் விட்டுவிடுங்கள்.

வெற்றிடத்தின் உயரத்தில் ஒரு பொறி இருக்கிறது. கூரையைக் கடந்ததும் அலை காற்றில் பாய்கிறது. 2 மீட்டர் உயர அறையைக் கடந்து திரும்ப அதற்கு 13.3 நானோ விநாடி போதும். பாறையின் வேகத்திலேயே கணக்கிட்டால் அந்த அறை 80 செ.மீ. உயரமே உள்ள பொந்தாகத் தெரியும். உயரம் போதாது என்று ஒரு நல்ல அறையை ஒதுக்கிவிடாதீர்கள்.

சில்லுகளால் நிரம்பிய குழிக்குத் தெளிவான விளிம்பு இராது. உள்ளே சின்னச் சின்ன வளைவுகள் நெருக்கமாகக் கொட்டிக் கிடக்கும். வெளியே உள்ள பாறை அமைதியாக இருக்கும். அந்தக் கலகலப்பு ஒரு நேர்க்கோட்டில் சட்டென்று நின்றுவிடுகிறதா என்று தேடுங்கள்.

உங்கள் ஊகம் சரியா என்று சோதிக்க இன்னொரு வழி, ஜிபிஆர்மேக்ஸ் என்ற இலவச மென்பொருள். நினைத்த அளவில் ஓர் அறையைக் கணினியில் வரைந்து, அதற்கு ரேடார் படம் எப்படி வரும் என்று உருவாக்கிப் பார்க்கலாம். கூடவே, அறையே இல்லாமல் வெடிப்பு மட்டும் இருக்கும் மாதிரியையும் ஓட்டுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் உங்களிடம் இன்னும் ஆதாரம் இல்லை. களத்துக்குப் போக வாய்ப்பில்லாத மாணவர்கள் வீட்டிலிருந்தே பழகவும் இதுதான் சிறந்த இடம்.

படி 9: இன்னொரு கண்ணால் பாருங்கள்

கீசாவில் குஃபு பிரமிடுக்கு மேற்கே மஸ்தபாக்கள் வரிசை வரிசையாக நிற்கும் கல்லறைத் தோட்டத்தில், மேலே எதுவும் இல்லாத ஒரு வெற்றுத் திடல் இருந்தது. ஜப்பானிய, எகிப்திய ஆய்வாளர்கள் அங்கே ரேடாரோடு, தரைக்குள் மின்சாரம் செலுத்தி அதை மண் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் மின்தடை அளவாய்வையும் செய்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். 2 மீட்டர் ஆழத்துக்குள், குறைந்தது 10 மீட்டர் நீளத்துக்கு ஆங்கில எல் வடிவத்தில் ஓர் அமைப்பு; மணல் நிரப்பப்பட்டது போலத் தெரிகிறது. அதற்குக் கீழே 5 முதல் 10 மீட்டர் ஆழத்தில் மின்தடை மிக அதிகமான ஒரு பகுதி. காற்றும் உலர்மணலும் மின்சாரத்தை எதிர்க்கும் என்பதால் அது அறையாகவும் இருக்கலாம், மணல் நிரம்பிய பள்ளமாகவும் இருக்கலாம். அவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். நல்ல அறிக்கைக்கு இதையே மாதிரியாகக் கொள்ளலாம்: எதை அளந்தோம், எங்கே, எந்த ஆழத்தில், வேறு என்ன விளக்கம் சாத்தியம். "கல்லறை கண்டுபிடிப்பு" என்ற சொல்லைத் தோண்டிப் பார்க்கும்வரை பயன்படுத்த வேண்டாம். செய்தியாளர்களிடம் பேசுவதற்கு முன் அமைச்சகத்திடம் அறிக்கை போக வேண்டும் என்பதும் விதி.

படி 10: உறுதிப்படுத்தல்

மண் மூடிய இடமென்றால் சின்ன அகழாய்வுக் குழி போதும். கட்டடமோ ஓவியமோ இருந்தால் மிக மிகக் குறைவாகத் தொட வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று குஃபு பிரமிடின் வடக்கு முகத்தில், பிரமிடுகளை உடைக்காமல் ஆராயும் ஸ்கேன்பிரமிட்ஸ் என்ற பன்னாட்டுக் குழு காட்டியது. நுழைவாயிலுக்கு மேலே, தலைகீழ் வி வடிவில் சாய்த்து நிறுத்திய பெரிய கற்களுக்குப் பின்னால் ஏதோ வெற்றிடம் இருப்பதை வானத்திலிருந்து வந்து கல்லையும் ஊடுருவிப் போகும் மியூவான் என்ற நுண்துகள்கள் முதலில் காட்டின. பிறகு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் எகிப்தியரோடு சேர்ந்து அதே கற்களின் மேல் ரேடாரையும் மீயொலியையும் வைத்து அளந்தார்கள். மூன்று முறைகளும் ஒரே இடத்தைச் சுட்டிய பிறகுதான், 2023 பிப்ரவரியில், இரண்டு கற்களின் இணைப்பு இடுக்கு வழியாக 6 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப் (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) ஒன்றை உள்ளே விட்டார்கள். கல்லில் துளை போடவில்லை. கேமரா வெளிச்சத்தில் கூம்புக் கூரையோடு, அரைகுறையாகச் செதுக்கிய சுவர்களோடு, 9 மீட்டர் நீளத்துக்கு ஒரு காலி நடைபாதை தெரிந்தது.